வரிசையில் ஏழாவது ஆள்

கயல்,

நேற்று உன்னை சென்ட்ரலில் ரயிலேற்றிவிட்டு ஆவடிக்குத் திரும்பியதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உன் அறையைப் பெருக்கினேன். பெருக்கிய அறையையே இன்னொரு தடவை பெருக்கினேன். இன்றைக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். உன் அப்பா ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "புள்ளைய நெனச்சு அழுவுறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதான். நீ புனே போனதற்காக வந்த தவிப்பு இல்லை இது. ஊருக்கு ஊர் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள், வருகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதில்தான் என்னை உட்கார விடாமல் விரட்டுகிறது.

உனக்கு நினைவிருக்காது. நீ சூட்கேஸில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாய். நான் கூடத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அம்மா, வெக்டருக்கும் ஹேஷ் மேப்புக்கும் என்ன வித்தியாசம்? ஒரே வரியில சொல்லேன். சேர்ந்த அன்னிக்கே டீம்ல கேப்பாங்களாம்" என்றாய். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. "வெக்டர்ல இடத்த வெச்சு எடுப்ப. மேப்ல கீய வெச்சு எடுப்ப. அவ்ளோதான்" என்றேன். "சூப்பர்மா" என்று சொல்லிவிட்டு நீ உள்ளே போய்விட்டாய். பதில் சரிதான். அதைச் சொன்னால் உன் டீமில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கயல், பத்து வருஷத்துக்கு முன்னால் நான் பெரிய தப்பு செய்த அன்றைக்கும் அந்தப் பதில் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்திருந்தும் ஒரு மனிதர் வாய் நிறைய ரத்தத்தோடு ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தார். தப்பே செய்யாத ஒரு பெண் இரண்டு நாள் தலைகுனிந்து நின்றாள். நீ போயிருப்பது ஆம்புலன்ஸ் அனுப்புவதற்கான மென்பொருள் எழுதும் வேலைக்கு. அதனால் மீதிப் பதிலையும் சொல்லிவிட வேண்டும். போனில் என்னால் முடியாது, நடுவில் சமாளித்துவிடுவேன். எழுதினால்தான் தப்பிக்க முடியாது.

நீ அப்போது எட்டாம் வகுப்பு. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறு பேர் மட்டும் இருந்த ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். நாற்பத்திரண்டு வயதில், ஃபங்ஷனல் புரோகிராமிங் என்ற நிரல் எழுதும் முறையை எனக்கு நானே கற்றுக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் என்னில் பாதி வயதுப் பையன்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்ற கர்வம் இருந்தது, மறைக்கவில்லை. அந்த முறையில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. அங்கே எதையும் அழித்து எழுதுவதில்லை. ஒரு பட்டியலில் ஒருவரை நீக்கினால் பழைய பட்டியல் அப்படியே இருக்கும், நீக்கிய பட்டியல் புதிதாகப் பிறக்கும். மாறாத பகுதியை இரண்டும் பங்குபோட்டுக்கொள்வதால் இடமும் வீணாகாது. வெக்டரும் அப்படித்தான், மேப்பும் அப்படித்தான். நேற்று இருந்தது இன்றைக்கும் பத்திரமாக இருக்கும் என்பது எனக்குக் கோயிலுக்குப் போய்வந்த மாதிரி நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே பிறகு என்னைக் காட்டிக்கொடுத்தது. அதற்கு வருகிறேன்.

எங்களுக்கு வந்த வேலை, பூந்தமல்லிப் பக்கம் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கானது. பெயர் வேண்டாம். காலை ஷிப்டில் பன்னிரண்டு படுக்கை, பன்னிரண்டு நோயாளிகள். திங்கள், புதன், வெள்ளி ஒரே ஆட்கள்தான் வருவார்கள், நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருப்பார்கள். ரத்தம் குழாய் வழியாகப் போய்ச் சுத்தமாகித் திரும்பும்போது வழியில் உறைந்துவிடக் கூடாது என்று ஒரு மருந்து போடுவார்கள். உடம்பில் எங்காவது புதுக் காயம் இருப்பவருக்கு மட்டும் அதைப் போடக் கூடாது. போட்டால் அந்தக் காயத்தின் ரத்தம் நிற்காது. நான் செய்தது ஒரு திரை. வரிசை எண், பெயர், பக்கத்தில் 'போடலாம்' அல்லது 'கூடாது'. நோயாளிகளின் பெயர்கள் ஒரு வெக்டரில், ஒன்று இரண்டு என்று இடம் எண்ணும் வரிசையில், இருந்தன. டாக்டர் எழுதும் குறிப்புகள் தனியாக வந்ததால் அவற்றை இன்னொரு வெக்டரில் வைத்தேன். இரண்டிலும் பன்னிரண்டு. மூன்றாவது ஆளுக்கு மூன்றாவது குறிப்பு, ஏழாவது ஆளுக்கு ஏழாவது குறிப்பு. ஒவ்வொரு குறிப்பையும் நோயாளியின் எண்ணோடு சேர்த்துக் கட்டி மேப்பாக வைத்திருக்கலாம். இரண்டும் ஒரே வரிசையில்தானே வருகிறது, எதற்கு வீண் வேலை என்று விட்டுவிட்டேன். ஆறு வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஏழாவது ஆள் தணிகாசலம். திருவேற்காட்டில் முப்பது வருஷம் ஆட்டோ ஓட்டியவர். நான் மையத்துக்குப் போகும்போதெல்லாம், "இன்னாம்மா கம்ப்யூட்டரு, சௌக்கியமா கீறியா?" என்று படுக்கையிலிருந்தே கேட்பார். ஆறாவது வாரக் கடைசியில் அவர் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியிருந்தார். டாக்டரிடம் சொன்னார், டாக்டரும் மறக்காமல் திங்கட்கிழமைக்கு 'கூடாது' என்று குறித்தார். மற்ற பதினொரு பேருக்கும் 'போடலாம்'. திங்கட்கிழமை காலையில் வரிசையில் நாலாவதாக இருந்தவர் மகள் வீட்டோடு சேலத்துக்குப் போய்விட்டதாகத் தகவல் வந்தது. வரவேற்பில் இருந்தவர்கள் அவர் பெயரைத் திரையிலேயே நீக்கினார்கள். பெயர் வெக்டரில் அவருக்குப் பின்னால் நின்ற எல்லோரும் ஓரிடம் முன்னால் நகர்ந்தார்கள். குறிப்பு வெக்டர் அசையவே இல்லை. ஏழாவது ஆள் ஆறாவது ஆனார், ஆறாவது குறிப்பு அவருக்குக் கிடைத்தது. 'போடலாம்.'

இதில் எதுவும் உடையவில்லை, கயல். பிழைச் செய்தி இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. ஆறாவது இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் வெக்டர் எதையாவது எடுத்து நீட்டும். அது யாருடையது என்று அதற்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. மேப்பிடம் ஒரு எண்ணைக் கொடுத்துக் கேட்டால், அந்த எண்ணுக்கு உரியதைக் கொடுக்கும், இல்லையென்றால் இல்லை என்று கையை விரிக்கும். இந்த இல்லை என்ற ஒரு சொல்லின் அருமை அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மருந்து போட்டது சரளா. பட்டாபிராமிலிருந்து வரும் டெக்னீஷியன், இருபத்தைந்து வயது இருக்கும். திரையில் இருந்ததைப் பார்த்துத்தான் போட்டாள். எட்டாவதாக இருந்து ஏழாவதாகிவிட்ட பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தணிகாசலத்தின் 'கூடாது' போய்விட்டதால், மருந்தில்லாமல் அவருடைய குழாயில் ரத்தம் கட்டி மெஷின் கத்தியது. சரளா அதை ஓடிப்போய்ச் சரி செய்தாள். தணிகாசலம் பத்து மணிக்கு முடித்துக்கொண்டு, இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்தார். வேலப்பன்சாவடி தாண்டுவதற்குள் பல் பிடுங்கிய இடம் திறந்துகொண்டது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அதே ஆட்டோவில் திரும்பினார். பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மத்தியானம் எனக்கு போன் வந்தது. மையத்து டாக்டர். "டெக்னீஷியன் ஸ்கிரீன்ல 'போடலாம்'னு இருந்துச்சுங்கறா. இப்ப எடுத்துப் பார்த்தா 'கூடாது'ன்னுதான் இருக்கு. நீங்க ஒருவாட்டி பாருங்க" என்றார். இப்போது சரியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அடுத்த ஷிப்டுக்காக எல்லாத் தகவலும் புதிதாக ஏறியிருந்தது. அதில் சேலத்துக்குப் போனவரின் பெயரும் இல்லை, குறிப்பும் இல்லை. நான் லேப்டாப்பைத் திறந்தேன். நான் எழுதிய நிரல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய நிலையைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தது. பின்னால் போனேன், ஒவ்வொரு படியாக. காலை ஆறு மணி நிலை அங்கே இருந்தது, ஒரு எழுத்து மாறாமல். பெயர்கள் பதினொன்று, குறிப்புகள் பன்னிரண்டு. பார்த்ததுமே புரிந்துவிட்டது. காது இரண்டும் சூடாகிவிட்டன.

டாக்டர் மறுபடி கூப்பிட்டார். நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன். "ஸ்கிரீன் சரியாத்தான் காட்டுது சார்." அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. அந்த நிமிஷத்தில் திரை சரியாகத்தான் காட்டியது. சரளாவை மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் நீ பள்ளியிலிருந்து வந்து, கணக்குத் தேர்வுத் தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டாய். ஒரு கணக்கில் படிகளெல்லாம் சரியாகப் போட்டு விடையில் மட்டும் தப்பு விட்டிருந்தாய். "கவனம் வேணாமாடி?" என்று கத்திக்கொண்டே உன் கன்னத்தில் அறைந்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் உன்னை அடித்ததில்லை. நீ அழவே இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பிறகு வெகுநாள் கணக்குத் தேர்வு என்றால் உனக்கு வயிறு வலிக்கும். உன் பாட்டுக்கு நீயே உனக்குக் கணக்கு வராது என்று முடிவு செய்துகொண்டாய், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கயல், அந்த அறை உனக்கு உரியது இல்லை. இதைச் சொல்ல எனக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது. மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன், மறுபடி எழுதுகிறேன். மன்னித்துவிடு.

அடுப்பில் பால் வைத்திருந்ததை மறந்து பொங்க விட்டுவிட்டேன். துடைத்துவிட்டு வந்து தொடர்கிறேன்.

உன் அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும். தொழிற்சாலையில் இருபது வருஷம் பார்த்தவர், யார் மேல் பழி விழுந்தால் என்ன ஆகும் என்று அறிந்தவர். "அந்தாளு பொழச்சிட்டாரா இல்லையா?" என்று கேட்டார். பிழைத்துவிட்டார், இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றேன். "அப்ப சும்மா இரு. ப்ரோகிராம சரி பண்ணிடு. நீயா போய் மாட்டிக்காத. அந்தப் பொண்ணுக்கு வேற எடத்துல வேல கெடைக்கும்" என்றார். எனக்கு அதுதான் கேட்க வேண்டியிருந்தது. அவரிடம் போய்க் கேட்டதே அதற்குத்தான் என்று பிறகு தோன்றியது. நமக்குப் பிடித்த பதிலைத் தருகிற ஆளிடம் போய்த்தான் நாம் யோசனை கேட்கிறோம்.

செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்து நிரலைத் திருத்தினேன். வெக்டரைப் பார்க்கவே பயமாக இருந்தது. அதனால் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் ஹேஷ் மேப்பாக மாற்றினேன். நோயாளியின் எண்தான் கீ, அதனோடு பெயர், குறிப்பு எல்லாம். இனி யாரை நீக்கினாலும் இன்னொருவர் குறிப்பு நகராது. எட்டுப் பேரை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். திரையில் எட்டுப் பேரும் அழகாக வரிசையில் நின்றார்கள். மையத்துக்கு அனுப்பிவிட்டேன். நான் எழுதிய நிரல் மொழியில் ஒரு சங்கதி உண்டு. எட்டு வரைக்கும் சின்ன மேப்பு, போட்ட வரிசையிலேயே நிற்கும். ஒன்பதாவது ஆள் சேர்ந்ததும் அது உள்ளே வேறு உருவம் எடுத்துவிடும், வரிசை அதன் இஷ்டம். ஹேஷ் மேப்புக்கு யார் யார் என்பது மட்டும்தான் தெரியும், யாருக்கு அடுத்து யார் என்பது தெரியாது. அந்த வாக்குறுதியை அது யாருக்கும் கொடுக்கவும் இல்லை. எட்டுப் பேர் வரிசையாக நின்றதைப் பார்த்து அது வாக்குறுதி என்று நான்தான் எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் மனசு கேட்காமல் நானே மையத்துக்குப் போனேன். போய்ச் சேரும்போதே உள்ளே சத்தம். அன்றைக்குப் பத்துப் பேர். யாரை முதலில் மெஷினில் போடுவது என்பதற்கு அங்கே ஒரு முறை இருந்தது. வேலைக்குப் போக வேண்டியவர்கள் முன்னால், ஆனால் மூச்சு வாங்குகிறவர் வந்தால் அவர் எல்லோருக்கும் முன்னால். டாக்டர் போட்டுவைத்த அந்த வரிசையைத் திரை கலைத்துப் போட்டிருந்தது. புதிதாக வந்திருந்த பையன் திரையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒருவர் எழுந்து நின்று கத்தினார். "இன்னாப்பா இது, எப்பவும் மொத ஆளா என்னியத்தான் கூப்டுவீங்கோ, இன்னிக்கு கடைசில போட்டுகீது! நான் டூட்டிக்குப் போவ வாணாமா?" பையன், "ஸ்கிரீன்ல அப்படித்தான் சார் இருக்கு" என்றான். மூலையில் ஒரு அம்மா இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் வரிசையில் அவர்தான் முதல். திரையில் ஒன்பதாவது.

அந்த நேரம் சரளா உள்ளே வந்தாள். வேலைக்கு இல்லை, அலமாரியில் விட்டிருந்த தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போக வந்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை. ஒரு பார்வைதான் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு நேராக அந்த அம்மாவிடம் போனாள். "அண்ணாத்தே, கத்தாத, சித்த குந்து. இவங்களுக்கு எப்டி மூச்சு வாங்குது பாரு. மொதல்ல இவங்கள உள்ள அனுப்பிடலாம், அப்பால நீதான்" என்றாள். கத்தியவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவள் வாசலில் நின்று பத்துப் பேரையும் பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள், எந்தத் திரையையும் பார்க்காமல். யாருக்கு எந்தக் கையில் ஊசி போட வேண்டும் என்பதைக்கூட அந்தப் பையனுக்குச் சொன்னாள். எல்லோரும் உள்ளே போனதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவள்.

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அவள் என்னைத் தாண்டும்போது, "வரேன்க்கா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு அப்புறம் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. "சரளா, போகாத. ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு டாக்டர் அறைக்குப் போனேன். அவளும் பின்னால் வந்தாள், ஏன் என்று புரியாமல்.

லேப்டாப்பை மேசையில் வைத்துப் பழைய நிலைக்குப் போய்க் காட்டினேன். திங்கட்கிழமை, காலை ஆறு மணி. ஆறாவது இடம், தணிகாசலம், 'போடலாம்'. "இவங்க பார்த்தது இதான் சார். தப்பு என்னுது" என்றேன். டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"இத நீங்க எப்ப பாத்தீங்க?"

"திங்கக்கெழம மத்தியானம் சார்."

"இன்னிக்குப் புதன்" என்றார்.

சரளாவை அங்கேயே திரும்ப வேலைக்கு வரச் சொன்னார், எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்தார். வெளியே வந்ததும் நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். "மிஷின்ல தப்பு வரும்க்கா, அத்த நான் பெருசா நெனைக்கல. ரெண்டு நாளு எங்க ஊட்ல எங்கப்பா என்னாண்ட மொகம் குடுத்துப் பேசல. அதுகூட பரவால்ல. எனக்கே டவுட்டு வந்துடிச்சுக்கா. நம்ம கண்ணுதான் தப்பா பாத்துச்சோன்னு. சோறு எறங்கல. அது தப்பா பாக்கலன்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்குது" என்றாள். அதுவரைக்கும் என்னை "நீங்க" என்று கூப்பிட்டவள் "ஒனக்கு" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அதைத் திருத்தும்படி நான் கேட்கவில்லை, அவளும் திருத்தவில்லை.

அங்கிருந்து தணிகாசலம் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு இருந்தார். முழுவதையும் சொன்னேன். பஞ்சை எடுத்துவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "கோவம் கீதும்மா. இல்லன்னு சொன்னா அது பொய்யி. ஆனா நீ வந்து சொன்ன வரிக்கும் சரி." பஞ்சை மறுபடி வாயில் வைத்து அழுத்திவிட்டு எடுத்தார். "நேத்து அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிட்டேன்மா. என் சாவு உன் கையிலதான்டின்னு சொல்லிட்டேன். அத்த இன்னா பண்றது?" என்றார். சொன்ன சொல் சொன்னபடியே இருக்கும். அதன் மேல் புதிதாக இன்னொன்றைச் சொல்லலாம், அவ்வளவுதான். "என் நம்பருன்னா அது எடுக்காது. உன் போன்ல அந்தப் பொண்ணு நம்பர் கீதா? போட்டுக் குடு" என்றார். போட்டுக் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். என்ன பேசினார் என்று தெரியாது. திரும்பி உள்ளே போனபோது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கெழம வரச் சொல்லுது. அதுவே ஊசி போடுதாம்" என்றார்.

அலுவலகத்தில் என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் பள்ளிக்கூட நேர அட்டவணைகள் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். போவதற்கு முன் நிரலைச் சரியாக்கும் வேலையை மட்டும் என்னிடமே கொடுத்தார்கள், பக்கத்தில் இரண்டு பையன்கள் வரிக்கு வரி பார்த்தார்கள். இப்போது உன் கேள்விக்கு முழுப் பதில். வெக்டரில் நோயாளிகளின் எண்கள் மட்டும் இருந்தன, டாக்டர் போட்ட வரிசையில். அடுத்து யார் என்ற கேள்விக்கு அதுதான் பதில் சொல்லும், வேறு எதற்கும் அதைக் கேட்கக் கூடாது. ஒருவரைப் பற்றிய விவரமெல்லாம் மேப்பில், அவருடைய எண்ணோடு. பெயரைக் கீயாக வைக்கவில்லை, ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் பின்னால் வந்தவர் முன்னால் இருந்தவரை மூடிவிடுவார். வரிசையிலிருந்து எண்ணை எடு, எண்ணைக் கொண்டுபோய் மேப்பில் கேள். அங்கே இல்லை என்று வந்தால் திரை எதையும் ஊகிக்காமல் 'டாக்டரைக் கேளுங்கள்' என்று சொல்லும். ஒன்று பெரியது ஒன்று சின்னது என்று இல்லை கயல். வரிசையை வரிசையிடம் கேட்க வேண்டும், ஆளை ஆளின் எண்ணிடம் கேட்க வேண்டும். நான் முதலில் ஆளைப் பற்றி வரிசையிடம் கேட்டேன். பயந்த பிறகு வரிசையைப் பற்றி மேப்பிடம் கேட்டேன். பயத்தில் செய்த இரண்டாவது திருத்தம்தான் மூச்சு வாங்கிய அந்த அம்மாவை ஒன்பதாவதாக உட்கார வைத்தது. அதனால் தப்பைக் கண்டதும் அவசரமாக எதிர்ப்பக்கம் ஓடாதே.

சரளாவும் நானும் பிறகு சிநேகமாகிவிட்டோம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி ஆகவில்லை. ஒரு தடவை பட்டாபிராம் ஸ்டேஷனில் எதிரே வந்தாள், கையில் குழந்தை. நின்று இரண்டு வார்த்தை பேசினாள், மரியாதையாக. "நீங்க" என்றுதான் பேசினாள். அவள் ரயில் வந்ததும் போய்விட்டாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எல்லாம் முன்போல ஆகிவிடும் என்று யாராவது உனக்குச் சொன்னால் நம்பாதே. ஆகாது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

நீ கெட்டிக்காரி. என்னைவிட நன்றாக எழுதுவாய், நான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் ஒருநாள் உன் நிரலிலும் தப்பு வரும். அன்றைக்கு உன் காது சூடாகும், திரை இப்போது சரியாகத்தானே இருக்கிறது என்று ஒரு வாக்கியம் நாக்கில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் நீ எனக்கு போன் செய்வாய் என்று தெரியும், சின்ன வயதிலிருந்து எல்லாவற்றுக்கும் எனக்குத்தான் போன் செய்கிறாய். அன்றைக்கு மட்டும் செய்யாதே. நான் உன் அம்மா, உன்னைக் காப்பாற்றத்தான் பார்ப்பேன், சும்மா இரு என்று என் வாயிலும் வந்துவிடும். உன் தப்பால் யார் மேல் பழி விழுந்திருக்கிறது என்று பார். அவர் பெயரைக் கண்டுபிடி. முதல் போன் அவருக்கு.

அம்மா